ரேஷன் கேள்வி–பதில்: கைரேகைக்கு உள்ள கெடுபிடி மூட்டைக்கு ஏன் இல்லை?

எங்கள் வீட்டில் ஆறு பேர், கூலி வேலைதான். அட்டையில் ‘முன்னுரிமையற்றது’ என்று இருக்கிறது. எதிர் வீட்டில் மாடி, கார் எல்லாம் உண்டு. அவர்களுக்கு முன்னுரிமை அட்டை. இதை யாரிடம் கேட்பது, மாற்ற முடியுமா?
– பேராவூரணி வாசகி

மாற்ற முடியும். ஆனால் முதலில் எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்காரர் எல்லோருக்கும் அரிசி விலையில்லாமல்தான் கிடைக்கிறது. வித்தியாசம் அளவில். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் முன்னுரிமை அட்டைக்கு (பி.ஹெச்.ஹெச்.) ஆளுக்கு மாதம் 5 கிலோ, ஆள் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இல்லை. மிக வறிய குடும்பங்களுக்கான அந்த்யோதயா அட்டைக்குக் குடும்பத்துக்கு 35 கிலோ. முன்னுரிமையற்ற அரிசி அட்டைக்கு (என்.பி.ஹெச்.ஹெச்.) குடும்ப அளவைப் பொறுத்து 12 கிலோவிலிருந்து 20 கிலோ வரை, அதற்கு மேல் கிடையாது. மூன்று, நான்கு பேர் உள்ள வீட்டில் அட்டை வகை மாறினாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. உங்களைப் போல ஆறு பேர் என்றால் 30 கிலோ வரவேண்டிய இடத்தில் 20 கிலோ வருகிறது. மாதம் 10 கிலோ நஷ்டம். ஆகவே விண்ணப்பிப்பது நியாயம்தான்.

யாருக்கு முன்னுரிமை என்பதற்கு 2017 ஜூலையில் தமிழக அரசு விதி வெளியிட்டது. வருமான வரி அல்லது தொழில் வரி கட்டுபவர், அரசு ஊழியர், சொந்த உபயோகத்துக்கு நான்கு சக்கர வாகனம் வைத்திருப்பவர், வீட்டில் ஏ.சி. உள்ளவர், மூன்று அறைகளுக்குக் குறையாத கான்கிரீட் வீடு உள்ளவர், 5 ஏக்கருக்கு மேல் நிலம் உள்ளவர், எல்லா வகையிலும் சேர்த்து ஆண்டு வருமானம் ஒரு லட்சத்தைத் தாண்டுபவர் முன்னுரிமைப் பட்டியலில் சேர முடியாது. காகிதத்தில் இப்படி. நடைமுறையில், ஒருமுறை பட்டியலில் ஏறிய பெயரை மறுபடி யாரும் போய்ப் பார்ப்பதில்லை. எதிர் வீட்டுக்காரர் உள்ளே இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் அதுதான்.

இன்னொரு முட்டுக்கட்டை, இடம் காலியாக இருக்கவேண்டும். கிராமப்புற மக்களில் 62.55 சதவீதம், நகர்ப்புறத்தில் 37.79 சதவீதம் என்று தமிழ்நாட்டுக்கு மத்திய அரசு வரம்பு வைத்திருக்கிறது. அதுவும் 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி. அடுத்த கணக்கெடுப்பின் அடிப்படைத் தேதியே 2027 மார்ச் 1 என்பதால், இந்த வரம்பு அதுவரை அசைய வழியில்லை. அதற்குள் ஒருவர் உள்ளே வரவேண்டுமானால் தகுதியில்லாத ஒருவர் வெளியே போகவேண்டும். அதிகாரிகள் ‘கோட்டா முடிந்துவிட்டது’ என்பது இதைத்தான். அது முழுப் பொய் அல்ல. ஆனால் அதையே பதிலாக வைத்து மனுவை வாங்காமல் அனுப்புவது தவறு.

செய்யவேண்டியது: வட்ட வழங்கல் அலுவலகத்தில் (சென்னையில் மண்டல உதவி ஆணையர் அலுவலகம்) எழுத்து மனு. கூடவே அட்டை நகல், வருமானச் சான்று. வீட்டில் கணவரை இழந்தவர், மாற்றுத்திறனாளி, ஆதரவற்ற முதியவர் இருந்தால் அதற்கான சான்று. தேர்வில் அதற்குத்தான் எடை அதிகம். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை வட்ட அளவில் பொது விநியோகக் குறைதீர் முகாம் நடக்கிறது. அங்கே கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும். பதிவு எண் வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.

மகனுக்குக் கல்யாணமாகி அதே வீட்டு மாடியில் தனிக்குடித்தனம். புது அட்டைக்கு இரண்டு முறை விண்ணப்பித்தும் தள்ளுபடி. காரணமும் சொல்லவில்லை.
– ஆத்தூர் வாசகர்

பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முதலாவது, மகன் பெயர் உங்கள் அட்டையிலும் மருமகள் பெயர் அவர் பிறந்த வீட்டு அட்டையிலும் இன்னும் இருக்கும். ஓர் ஆதார் எண் ஓர் அட்டையில்தான் இருக்கலாம். இன்னோர் அட்டையில் இருக்கும் எண்ணைக் கணினி ஏற்காது. முதலில் இரு அட்டைகளிலும் ‘உறுப்பினர் நீக்கம்’ போட்டு, அது ஒப்புதலான பிறகு புது அட்டைக்கு விண்ணப்பியுங்கள். இரண்டையும் ஒரே நாளில் போட்டால் நீக்கம் முடியும் முன்பே புது மனு அடிபட்டுவிடும்.

இரண்டாவது, தனிச் சமையல். ஒரே கதவிலக்கத்தில் இரண்டு அட்டை கேட்டால் ஆய்வுக்கு வரும் வருவாய் ஆய்வாளர் பார்ப்பது அடுப்பைத்தான். மாடியில் தனி சமையலறை, முடிந்தால் மகன் அல்லது மருமகள் பெயரில் தனி எரிவாயு இணைப்பு இருக்கட்டும். ஆய்வு நாளில் வீடு பூட்டியிருந்தால் ‘குடியிருப்பு உறுதியாகவில்லை’ என்று எழுதிப் போய்விடுவார்கள். பதிவு செய்த கைபேசி எண் உங்களுடையதாக இல்லாமல் மனுப் போட்டுத் தந்த கடைக்காரருடையதாக இருந்தால், ஆய்வாளர் கூப்பிடுவதும் உங்களுக்குத் தெரியாது. விண்ணப்ப எண்ணை வைத்துத் தமிழகப் பொது விநியோகத்துக்கான டிஎன்பிடிஎஸ் இணையதளத்தில் நிலையைப் பாருங்கள்.

அம்மாவுக்கு 74 வயது. விரல் ரேகை விழவே இல்லை. மூன்று மாதமாக ‘இ-கேஒய்சி (ஆதார் ரேகைச் சரிபார்ப்பு) முடிக்காவிட்டால் பெயர் போய்விடும்’ என்கிறார்கள். என் நான்கு வயது மகளுக்கும் கேட்கிறார்கள்.
– நத்தம் வாசகி

மகளுக்கு இப்போது முடியவே முடியாது. ஐந்து வயதுக்குள் எடுத்த ஆதாரில் கைரேகையே பதிவாகியிருக்காது, எதோடு ஒப்பிடுவது? ஐந்து நிரம்பியதும் ஆதார் மையத்தில் கைரேகை, கருவிழிப் பதிவைச் செய்யுங்கள். ஏழு வயதுக்குள் செய்தால் கட்டணமில்லை. ஐந்து வயது நிரம்பிய ஓராண்டுக்குள் இ-கேஒய்சி முடிக்கவேண்டும் என்பதுதான் விதி. பதினைந்து வயதில் இன்னொரு முறை புதுப்பிக்காத பிள்ளைகளுக்கும் ரேகை பொருந்தாது. ‘மெஷின் சரியில்லை’ என்று நாம் திட்டுவதில் கொஞ்சம் இந்தக் கணக்கு.

அம்மா விஷயத்துக்கு வருவோம். முதலில் ஒரு சோதனை. அட்டையில் அம்மா பெயருக்கு எதிரே பதிவாகியிருக்கும் ஆதாரின் கடைசி நான்கு எண்ணை விற்பனையாளரிடம் கேட்டுச் சரிபாருங்கள். 2017-ல் ஸ்மார்ட் கார்டுக்கு விவரம் ஏற்றியபோது ஒருவர் எண் மற்றவர் பெயரில் ஏறிய வீடுகள் உண்டு. அப்படியானால் எத்தனை விரல் வைத்தாலும் பொருந்தாது. திருத்த மனுதான் மருந்து. எண் சரியாக இருந்தால் விரலைக் கழுவி, ஈரத்தைத் துடைத்து, கட்டைவிரலை விட்டுவிட்டு ஆள்காட்டி, மோதிர விரல்களை முயலுங்கள். கடையில் கருவிழிக் கருவி இருந்தால் அதைக் கேளுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் நிரந்தர ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்துவிட்டு, அந்த மாற்றம் பதிவானதும் மறுபடி வாருங்கள். அம்மா வேறு ஊரில் இருந்தால், வேறு மாநிலத்தில் இருந்தாலும்கூட, அங்குள்ள நியாயவிலைக் கடையிலேயே இ-கேஒய்சி செய்யலாம். உங்கள் ஊருக்கு இழுத்து வரவேண்டாம்.

மாதாமாதம் பொருள் வாங்குவது வேறு விஷயம். நடக்க முடியாதவர் தமக்குப் பதிலாக ஓர் ஆளை நியமிக்கும் படிவம் கடையிலேயே உண்டு. முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் மட்டுமே உள்ள அட்டைகளுக்கு வீட்டு வாசலில் பொருள் தரும் ‘தாயுமானவர்’ திட்டம் 2025 ஆகஸ்ட் 12-ல் தொடங்கியது. மாதத்தில் அறிவித்த நாட்களில் வண்டியே தராசோடும் பில் மெஷினோடும் வருகிறது. நீங்களும் அதே அட்டையில் இருப்பதால் உங்கள் அம்மாவுக்கு இது பொருந்தாது.

‘பெயர் போய்விடும்’ என்பதற்கு: இ-கேஒய்சி கட்டாயம் என்பது முன்னுரிமை, அந்த்யோதயா அட்டைகளுக்குத்தான். முன்னுரிமையற்ற அட்டைக்காரரைக் கடையில் மிரட்டினால் பயப்படவேண்டாம். முன்னுரிமை அட்டையிலும், ரேகை விழவில்லை என்பதற்காக அந்த மாதத்துப் பொருளை மறுக்கக்கூடாது. 2017 அக்டோபர் 24 தேதியிட்ட மத்திய உணவுத் துறைக் கடிதம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. அந்தக் கடிதம் சும்மா வரவில்லை. ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் ஆதார் இணைக்கவில்லை என்று அட்டை நீக்கப்பட்ட ஒரு குடும்பத்தில் 11 வயதுச் சிறுமி அதற்கு முந்தைய மாதம்தான் இறந்துபோனாள். பட்டினி என்றது குடும்பம், மலேரியா என்றது அரசு. அட்டை நீக்கப்பட்டிருந்தது பற்றி இரு தரப்புக்கும் சண்டையில்லை.

ஆறு மாதம் பொருள் வாங்காவிட்டால் அட்டை ரத்தா? வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.
– திருப்பூர் வாசகர்

பாதி உண்மை. 2025 ஜூலையில் மத்திய அரசு பொது விநியோகக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தியது. ஆறு மாதம் பொருள் எடுக்காத அட்டையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, மூன்று மாதத்துக்குள் நேரில் விசாரித்து, தகுதியை முடிவுசெய்ய வேண்டும் என்கிறது. நிறுத்திவைப்பது வேறு, ரத்து வேறு. இ-கேஒய்சியை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும் என்பதும் இதே திருத்தத்தில்தான். தேசிய சட்டத்தின் கீழ் வரும் அட்டைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட ஆணை இது.

எங்கள் பார்வையில் இதன் பலவீனம், வரிசை தலைகீழாக இருப்பது. முதலில் நிறுத்து, பிறகு விசாரி என்கிறது. செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய் ஆறு மாதம் கழித்து ஊர் திரும்புகிறவர் வீட்டில் இல்லாத நேரத்தில்தான் விசாரணையும் நடக்கும். முதலில் எழுத்து நோட்டீஸ், பதிலுக்கு அவகாசம், அதன் பிறகு நிறுத்தம் என்று மாநில அரசு தன் விதியில் சேர்த்துக்கொள்வது நல்லது. வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் இப்போதைக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரே நாடு ஒரே ரேஷன் வசதியில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்துவிட்டது. முன்னுரிமை அட்டை என்றால் இருக்கிற ஊரில் ஒருமுறையாவது அரிசி வாங்குங்கள். அட்டை உயிரோடு இருக்கும்.

எங்கள் ஊர்க் கடையில் 20 கிலோ அரிசி வீட்டுக்கு வந்தால் 19 கிலோகூட இல்லை. கேட்டால் ‘மூட்டையே குறைவாகத்தான் வருகிறது, நான் என்ன செய்ய’ என்கிறார். இப்போது தராசையும் பில் மெஷினையும் இணைத்துவிட்டார்கள்; இனி திருட்டு ஒழியுமா?
– உளுந்தூர்பேட்டை வாசகர்

விற்பனையாளர் சொல்வதை உடனே பொய் என்று தள்ளிவிடாதீர்கள். முழுவதும் நம்பியும் விடாதீர்கள். இரண்டுக்கும் காரணம் சொல்கிறோம்.

நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்கிலிருந்து அரிசி 50 கிலோ சணல் மூட்டையாக வருகிறது. வெறும் சாக்கே 580 கிராம் இருக்கும். ஆகவே தராசில் மூட்டையோடு 50 கிலோ 580 கிராம் காட்டினால்தான் அரிசி 50 கிலோ. சாக்கோடு 50 காட்டினாலே அரைக் கிலோவுக்கு மேல் போயிற்று. அடுத்தது ஈரப்பதம். 15 சதவீத ஈரத்தில் நிறைத்த மூட்டை கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்து 13 சதவீதத்துக்குக் காய்ந்தால், யாரும் கை வைக்காமலே 1 கிலோ 150 கிராம் குறையும். மூன்றாவது, கொக்கி. ஏற்றி இறக்கும்போது கொக்கி குத்திய ஓட்டையில் சிந்துவது. நான்காவதுதான் திருட்டு. இந்த நான்கும் கடை வாசலுக்கு வரும் முன்பே நடக்கக்கூடியவை.

கிடங்கில் லாரியோடு சேர்த்து மொத்த எடை பார்க்கிறார்கள். கடையில் இறக்கும்போதோ மூட்டையை எண்ணுவதோடு சரி, நிறுப்பதில்லை. விற்பனையாளர் ‘280 மூட்டை பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போட்ட நிமிடத்திலிருந்து 14,000 கிலோவுக்கும் அவரே பொறுப்பு. மூட்டைக்கு 2 கிலோ குறைவு என்று வைத்துக்கொண்டால் 560 கிலோ இல்லாத அரிசிக்கு அவர் கணக்குச் சொல்லவேண்டும். ஆய்வில் இருப்பு குறைந்தால் அபராதம் அவருக்கு. கடையில் 800 அட்டை இருந்தால் அட்டைக்கு 700 கிராம் குறைத்து நிறுத்தால் கணக்கு நேராகிவிடும். உங்கள் 19 கிலோ இப்படித்தான் பிறக்கிறது. சரி, 700 கிராமோடு நின்றதா, இதையே சாக்காக வைத்து ஒன்றரைக் கிலோவா என்பது ஆளைப் பொறுத்தது. அதனால்தான் முழுவதும் நம்பவேண்டாம் என்றோம்.

இப்போது தராசு இணைப்பு. தராசில் சரியான எடை ஏறினால்தான் பில் மெஷின் அடுத்த படிக்குப் போகும். நுகர்வோருக்கு இது நிச்சயம் நல்லது. ஆனால் இது பூட்டியிருப்பது கடைசிக் கதவை மட்டும். மூட்டை குறைவாகவே வந்துகொண்டிருந்தால் மாதக் கடைசியில் சில அட்டைகளுக்கு அரிசியே இருக்காது. அல்லது தராசில் 20 கிலோ ஏற்றிக் காட்டி, பில் போட்டுவிட்டு, பையில் கொட்டும்போது கொஞ்சம் டப்பாவிலேயே தங்கும். இரண்டாவது வித்தை இப்போதே நடக்கிறது. கண் தராசில் இருந்தால் போதாது, டப்பா காலியாகும்வரை இருக்கட்டும்.

சத்தீஸ்கர் 2004-ல் தன் விநியோகத்தைச் சீர்திருத்தியபோது முதலில் கை வைத்தது கிடங்குக்கும் கடைக்கும் நடுவே உள்ள பாதையில். கடைகளைத் தனியாரிடமிருந்து எடுத்து ஊராட்சிகளுக்கும் கூட்டுறவுகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் கொடுத்தது. அரசு வண்டியே கடை வாசல்வரை பொருளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. லாரி கிடங்கைவிட்டுக் கிளம்பினால் பதிவு செய்துகொண்ட ஊர்க்காரர் கைபேசிக்குக் குறுஞ்செய்தி போகும் ஏற்பாடும் பின்னர் வந்தது. கைரேகையெல்லாம் அதற்கு வெகு காலத்துக்குப் பிறகு. தமிழ்நாட்டில் தனியார் கடைகளே இல்லாதது நமக்குப் பெரிய பலம். ஆனால் மூட்டையை இறக்கும் இடத்தில் எடைபோட்டு, குறைந்த எடையை அந்த லாரிச் சீட்டிலேயே எழுதி, கிடங்குக் கணக்கில் கழிக்கும் பழக்கம் வந்தால்தான் தராசு இணைப்புக்குப் பயன். அதுவரை பொறுப்புக்கூறல் என்பது வரிசையின் கடைசியில் நிற்கும் இரண்டு பேருக்குள், விற்பனையாளருக்கும் உங்களுக்கும் இடையில், முடிந்துவிடுகிறது.

நீங்கள் உடனே செய்யக்கூடியவை: எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை தொழிலாளர் துறை முத்திரை வேண்டும், தேதியைப் பாருங்கள். டப்பாவை வைத்ததும் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். சந்தேகமிருந்தால் கடையிலேயே விற்கும் பிரிக்காத 1 கிலோ உப்புப் பொட்டலத்தை எடுத்துத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். சண்டையில்லாத சோதனை அது.

(இன்னொன்று. அரிசியில் தனியாகத் தெரியும் மஞ்சளான, கொஞ்சம் வேறு வடிவ மணிகள் பிளாஸ்டிக் அல்ல. 100 கிலோவுக்கு 1 கிலோ வீதம் கலக்கப்பட்ட இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்த செறிவூட்டப்பட்ட மணிகள். பொறுக்கி எறியவேண்டாம்.)

வாங்காத பாமாயிலுக்கு ‘வாங்கியதாக’ குறுஞ்செய்தி வருகிறது. எங்கே புகார் செய்தால் நடவடிக்கை வரும்? ஒவ்வோர் இடத்திலும் அடுத்த இடத்தைக் காட்டுகிறார்கள்.
– சங்கரன்கோவில் வாசகி

அந்தக் குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். அதில் உள்ள தேதியும் பொருளும்தான் ஆதாரம். அன்றே 1967 அல்லது 1800 425 5901 எண்ணில் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். தாமதித்தால் ‘நீங்கள்தான் வாங்கி மறந்திருப்பீர்கள்’ என்பார்கள். பாமாயில் லிட்டர் 25 ரூபாய், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். வெளியே இதைவிடப் பல மடங்கு விலை. போலி பில் அதிகம் விழுவது இந்த இரண்டில்தான் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

தொலைபேசிப் புகார் மறுபடி அதே வட்ட அலுவலகத்துக்கே போகும். அங்கே அசையாவிட்டால் சட்டத்தின் வழியைப் பிடியுங்கள். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 15-வது பிரிவு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு குறைதீர் அலுவலரை வைக்கச் சொல்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் ‘உணவுப் பாதுகாப்புச் சட்டக் குறைதீர் அலுவலருக்கு’ என்று முகவரியிட்டு மனுக் கொடுங்கள். அவர் முடிவில் திருப்தியில்லை என்றால் சென்னையிலுள்ள மாநில உணவு ஆணையத்தில் மேல்முறையீடு. குறைதீர் அலுவலர் பரிந்துரைத்த நிவாரணத்தைக் காரணமின்றித் தராத அரசு ஊழியருக்கு ஆணையம் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அது 33-வது பிரிவு. தொகை சின்னதுதான். ஆனால் பணிப்பதிவேட்டில் ஏறும் என்ற பயத்துக்கு அது போதும். பிரிவு எண்ணோடு எழுதிய மனுவைத் தூக்கிப் போடுவதும் கடினம்.

முன்னுரிமையற்ற அட்டை மாநில அரசின் சொந்தச் செலவில் நடப்பது; இந்தச் சட்டத்தின் கீழ் வராது. அவர்கள் மாவட்ட வழங்கல் அலுவலர், கூட்டுறவு இணைப்பதிவாளர் இருவருக்கும் ஒரே மனுவின் நகலை அனுப்பவேண்டும். கடையை நடத்துவது கூட்டுறவு, பொருள் கொடுப்பது உணவுத் துறை. ஒருவருக்கு மட்டும் எழுதினால் மற்றவரைக் கைகாட்டுவார். நீங்கள் சொல்லும் ‘அடுத்த இடம்’ இந்த இரட்டை நிர்வாகத்தில்தான் முளைக்கிறது.

27-வது பிரிவின்படி பொது விநியோகப் பதிவேடுகள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கவேண்டும். கடை அளவில் கண்காணிப்புக் குழு வேண்டும் என்கிறது 29-வது பிரிவு. உங்கள் கடைக்கு அப்படி ஒரு குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது, உறுப்பினர் யார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் செலவில் கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். இந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்காரும்போதுதான் பல அலுவலகங்களில் குழுவே அமைக்கிறார்கள்.

மாடி வீட்டுக்காரருக்கும் இலவச அரிசி தேவையா? ஏழைகளுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டால் பணமும் மிச்சம், ஊழலும் குறையுமே.
– கோயம்புத்தூர் வாசகர்

பணம் மிச்சமாகும். ஊழல் குறையும் என்பதை ஏற்க முடியவில்லை. 1997-ல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்தபோது பல மாநிலங்களில் நடந்தது நேர்மாறு. யார் ஏழை என்று எழுதும் பேனாவுக்கே விலை வந்துவிட்டது. வசதியானவர் உள்ளே நுழைந்துவிடுவார், அலையத் தெரியாதவர் வெளியே நிற்பார். 2015-ல், இந்திய உணவுக் கழகச் சீரமைப்புக்காக மத்திய அரசு அமைத்த சாந்தகுமார் குழு நாடு முழுவதும் 67 சதவீத மக்களுக்கு என்றிருப்பதை 40 சதவீதமாகச் சுருக்கப் பரிந்துரைத்தபோதும் எதிர்ப்புக்கு இதுவே காரணம். தமிழ்நாட்டில் கடை ஓரளவு நேரத்துக்குத் திறப்பதற்கு, வரிசையில் குரல் உயர்த்தக்கூடிய ஆட்களும் நிற்பது ஒரு காரணம். அவர்களைக் கழித்துவிட்டால் கேள்வி கேட்பவர் குறைவார். தேவையில்லாதவர்கள் தாமாகவே விலக வழி இருக்கிறது. அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

அரிசி வேண்டாம், அட்டை மட்டும் போதும். எப்படி விட்டுக்கொடுப்பது?
– தாம்பரம் வாசகர்

டிஎன்பிடிஎஸ் தளத்தில் பதிவு செய்த எண்ணால் நுழைந்து அட்டை வகையை மாற்றலாம். ‘பொருளில்லா அட்டை’ என்றால் எதுவும் கிடையாது, முகவரிச் சான்றாக மட்டும் இருக்கும். ‘சர்க்கரை அட்டை’ என்றால் அரிசிக்குப் பதிலாகக் கூடுதலாக 3 கிலோ சர்க்கரை. வழக்கமான ஆளுக்கு அரைக் கிலோ, அதிகபட்சம் 2 கிலோ என்பதோடு சேர்த்து 5 கிலோ வரை, கிலோ 25 ரூபாய்க்கு. போவது எளிது, திரும்புவதுதான் சிரமம். சர்க்கரை அட்டையிலிருந்து அரிசிக்கு மாற 2019 நவம்பரிலும் 2020 டிசம்பரிலும் சில நாட்கள் மட்டும் அரசு கதவைத் திறந்தது. வேலை நிரந்தரமில்லாதவர், ஓய்வூதியம் இல்லாதவர் அவசரப்பட்டு மாற்றவேண்டாம். அட்டையை மாற்றாமல், வேண்டாத மாதத்தில் வாங்காமல் விடலாம்; கைபேசியில் பில் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.